பானையில் போட்ட வெட்டிவேர்

வெட்டிவேருக்குப் பாராட்டு விழா எடுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்படியும் எடுப்பார்களா என்று கேட்காதீர்கள். எடுத்தார்கள். திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பந்தல் போட்டு, நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டி எடுத்தார்கள். அந்த நாற்காலிகளை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தவளே நான்தான். "நச்சை உண்ணும் புல்" என்று பேனரில் பெரிதாக அச்சடித்திருந்தது. புல் எந்த நச்சையும் உண்பதில்லை. உண்டால் செரிக்க வேண்டும். குரோமியம் ஓர் உலோகம். அது செரிக்காது, அழுகாது, ஆவியாகவும் போகாது. செடியை எரித்தால் சாம்பலில் இருக்கும், புதைத்தால் மண்ணில் இருக்கும். புல் அதை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இதை விழாவுக்கு வந்த ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. வீட்டில் சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஒரு சின்னத் தோல் ஷாப்பில் பங்கு இருந்தது. தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் ஷாப்பு என்போம். ஆட்டுத்தோல் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, முடி கழிந்து, குரோம் உப்பு போட்ட பெரிய மர உருளைக்குள் சுழன்று, வெளியே வரும்போது வெளிர்நீலமாக இருக்கும். சின்ன வயதில் எனக்கு அந்த நீலம் பிடிக்கும். அந்த உருளையிலிருந்து வடிகிற தண்ணீர் எங்கே போகிறது என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. வெளியூர் உறவினர்கள் வந்தால் முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், மூன்றாம் நாள் எங்களோடு உட்கார்ந்து வாசனை தெரியாமல் பிரியாணி சாப்பிடுவார்கள். பழகிவிடும் என்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அத்தாவின் விரல் இடுக்குகளில் வட்ட வட்டமாகப் பழைய தழும்புகள் உண்டு. குரோம் தண்ணீர் தின்ற குழிகள் அவை. "உழைச்ச கை" என்று அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்.

தண்ணீர் போன இடத்தைக் காட்டியவர் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியர். இங்கே அவரைச் சார் என்றே சொல்கிறேன். அதற்கு மேல் மரியாதை கொடுக்க மனம் வரவில்லை. ஊருக்கு வெளியே ஒரு விவசாயியின் தோட்டத்துக்கு என்னை அழைத்துப் போனார். அந்தத் தோட்டத்தின் ஓரமாக ஷாப்புகளின் கழிவு வாய்க்கால் வருடக்கணக்காக ஓடியிருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே சின்ன வெங்காயமும் தக்காளியும் விளைந்தன. பிறகு வெங்காயம் கோலிக்குண்டு அளவுக்கு மேல் பருக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. குடிக்கத் தண்ணீரை விலைக்கு வாங்கினார்கள். எங்கள் ஷாப்புத் தண்ணீரும் அதில் சேர்ந்திருக்கும் என்பது எனக்குப் போன முதல் நாளே தெரியும். அந்த விவசாயியிடம் நான் யார் வீட்டுப் பெண் என்று சொல்ல ஆறு மாதம் ஆனது. சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அதனால என்னம்மா, ஒங்க அத்தாவுக்குத் தெரியுமா தண்ணி இங்கிட்டு வரும்னு?" என்றார். அத்தாவுக்கு நன்றாகத் தெரியும். நான் மண் எடுத்த பையைக் கட்டக் குனிந்துகொண்டேன்.

சாருக்கு மூன்று வருடத் திட்டம் ஒன்று கிடைத்திருந்தது. நஞ்சேறிய மண்ணில் செடி வளர்த்து மண்ணைச் சுத்தம் செய்வது. முதல் பருவத்தில் கடுகு போட்டோம். முளைத்த பத்தாம் நாள் மஞ்சளடித்துச் செத்தது. சூரியகாந்தி கொஞ்சம் தாக்குப்பிடித்துத் தலையைத் தொங்கப் போட்டது. வெட்டிவேர் மட்டும் ஆள் உயரத்துக்கு எழும்பி, ஒன்றுமே நடக்காத மாதிரி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சார் அதன் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படங்களை வைத்து ஒரு கல்யாண ஆல்பமே போடலாம். அவர் மண்ணில் கை வைத்து நான் பார்த்ததில்லை. வயலுக்கு வரும்போது வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வருவார், வரப்பிலேயே நிற்பார், "எக்ஸலண்ட்" என்பார், போய்விடுவார்.

அந்தப் புல் செய்கிற காரியத்தைக் கண்டுபிடித்த வேலை என்னுடையது. செடியைப் பிடுங்கி, வேர் தனியாக, இலை தனியாகக் காயவைத்து, பொடித்து, அமிலத்தில் வேகவைத்து, மதுரையில் ஓர் ஆய்வகத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்து அளந்து வந்தேன். வேரில் இருந்த குரோமியம் இலையில் இருந்ததைவிடப் பல மடங்கு. குரோமியத்தின் ஒரு வடிவம் செடிக்கு வேண்டிய கந்தகச் சத்தைப் போலவே இருக்கும். வேர் ஏமாந்து கதவைத் திறந்துவிடும். உள்ளே வந்த பிறகு அதைக் கொஞ்சம் சாதுவான வடிவத்துக்கு மாற்றி, செல்லின் சுவரிலும் உள்ளே இருக்கிற சின்னப் பையிலும் கட்டிப்போட்டுவிடும். இலைக்கு விடாது. வேண்டாத சாமானையெல்லாம் பரணில் திணித்துவிட்டு வாசலை மட்டும் பளிச்சென்று வைத்திருக்கிற வீடு மாதிரி. ஆட்டுக்கும் மனிதருக்கும்கூட இப்படி ஒரு பரண் உண்டு. ஈரலும் சிறுநீரகமும் உலோகத்தைக் கட்டிவைக்கிற புரதத்தைச் சுரக்கும், காரீயமாக இருந்தால் எலும்பு வாங்கி வைத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்கிற உயிரை நாம் பாராட்டுகிறோம். அது பொறுத்துக்கொண்டதெல்லாம் அதன் உள்ளேதான் இருக்கிறது.

இதெல்லாம் எனக்கு விரல் நுனியில் இருந்தது. வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டேன். காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: என் வீட்டு ஆட்களை நான் மட்டமாக நினைத்தேன். அத்தாவுக்குத் தோல் விலையைத் தவிர வேறு பேச்சில்லை. அண்ணன் செல்போனை விட்டுத் தலையை நிமிர்த்துவதில்லை. அம்மாவுக்கு நான் இன்னும் கல்யாணம் ஆகாமல் புல் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்ற கவலை. எல்லோரையும்விட மதினியைத்தான் அதிகம் மட்டமாக நினைத்தேன். அண்ணன் மனைவி; பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் பிறந்தவள். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கல்யாணமாகி ஏழு வருடத்தில் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. அந்தத் துக்கத்தைக்கூட அவள் சமையலறையிலேயே வைத்துக்கொண்டாள். சீரியல் பார்ப்பாள், வாட்ஸ்அப்பில் வருகிற கை வைத்தியத்தையெல்லாம் சத்தமாகப் படிப்பாள். நான் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வேன்.

ஒருநாள் நான் வேர்க் கட்டை மேசையில் பரப்பிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏம்மா, இந்தப் புல்லுக்கு நீ இம்புட்டுப் பாடுபடறியே, இது அப்புடி என்னதான் செய்யும்?"

"தண்ணியைச் சுத்தம் பண்ணும்" என்றேன்.

"எப்புடிம்மா?"

"வேர் இருக்குல்ல மதினி, அது சுத்தம் பண்ணிரும். அம்புட்டுத்தான்."

அவள் இன்னும் ஏதோ கேட்க வந்தாள். நான் பேனாவை எடுத்துக்கொண்டேன். அதே பதிலைத் தோட்டக்கார அக்காவுக்கும், அதாவது அந்த விவசாயியின் மனைவிக்கும், அதே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். அழுக்கு எங்கே போகிறது என்கிற மீதிப் பாதியை இரண்டு பேருக்கும் சொல்லவில்லை. இவர்களுக்கு இது போதும் என்று நினைத்தேன்.

திட்டம் முடிகிற வருடம் பிப்ரவரியில் புல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது. பிடுங்காவிட்டால் வேர் அங்கேயே மக்கி, வாங்கியதை மண்ணுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். பிடுங்கிய வேரை ஆபத்தான கழிவுகளுக்கென்று இருக்கிற கிடங்குக்கு அனுப்ப வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. எழுதியது நான், கையெழுத்துப் போட்டது சார்.

"சார், கிடங்குக்கு எப்ப அனுப்பணும்?" என்று கேட்டேன்.

"மொதல்ல விழா முடியட்டும்மா. அதுக்கெல்லாம் அடுத்த புராஜெக்ட்ல எழுதிக்கலாம்" என்றார்.

விழாவன்று வந்த பெரிய மனிதர்களுக்குச் சந்தன மாலைக்குப் பதிலாக வெட்டிவேர் மாலை போட வேண்டும் என்பது அவருடைய யோசனை. எந்த வெட்டிவேர் என்று கேட்கிறீர்களா? அந்த வயலில் பிடுங்கிய அதே வேர்தான். மண் போக அலசி, வாடாமல்லியை இடையில் வைத்து, தோட்டத்து வேலைக்கு வந்த பெண்கள் அரை மணி நேரத்தில் கட்டிக் கொடுத்தார்கள். பூ மார்க்கெட்டில் கட்டிப் பழகிய கைகள். நான் சாரின் காதில் போய்ச் சொன்னேன். "ஒரு மாலையைப் போட்டா செத்தா போயிருவாங்க? சும்மா இரும்மா" என்றார். மாலை போட்டதால் யாரும் சாகமாட்டார்கள் என்பது உண்மைதான். விருந்தினர்கள் ஒவ்வொருவராக மாலையை மூக்குக்கு அருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்கள். ஒருவர் "என்ன தெய்வீக மணம்!" என்று மைக்கிலேயே சொன்னார். நான் பந்தல் ஓரத்தில் நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். இந்த வேர் நஞ்சை உண்டு தீர்க்கிறது என்று நான்கு மணி நேரம் பேசியவர்கள் அதே வேரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கைதட்டினார்கள். அதைப் பார்த்து எனக்குள் அப்படியொரு சிரிப்பு. இந்த முட்டாள்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் விஷயம் தெரிந்தவள் என்ற இன்பம். அதை அன்றைக்கு அனுபவித்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மிச்ச வேரை உரச் சாக்குகளில் அடைத்துத் தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்தோம். ஒவ்வொரு சாக்கிலும் எச்சரிக்கைத் தாள் ஒட்டினேன். நல்ல தடித்த எழுத்தில், பிழையில்லாமல், இங்கிலீஷில் எழுதி ஒட்டினேன். அந்த மோட்டார் ரூமுக்குள் போய்வருகிறவர்கள் மூன்று பேர்தான். மூன்று பேருக்கும் இங்கிலீஷ் தெரியாது. சாருக்குப் படம் எடுத்து அனுப்ப அது வசதியாக இருந்தது. அவர் அந்தப் படத்தை இறுதி அறிக்கையில் சேர்த்து, கழிவு பாதுகாப்பாக அகற்றப்பட்டது என்று கீழே எழுதிக்கொண்டார்.

மார்ச் பிறந்ததும் வெயில் ஏறியது. மதினிக்கு ஐந்தாம் மாதம். இந்த முறை தங்கிவிட்டது என்று சொல்லவே எல்லோருக்கும் பயம். அம்மா அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள். நான் ஆய்வேட்டை எழுதிக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். கூடத்து மூலையில் மண்பானைத் தண்ணீர். ஒருநாள் செம்பில் மொண்டு குடித்தபோது வெட்டிவேர் மணத்தது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். கோடை வந்தால் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் செய்வதுதான், மெல்லிய துணியில் ஒரு பிடி வேரைக் கட்டிப் பானைக்குள் போடுவது. குடித்துவிட்டு, "இன்னைக்குத் தண்ணி நல்லாருக்கு" என்று நானே சொன்னேன். மதினி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்துச் சிரித்தாள். என்னிடமிருந்து அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைப்பது அபூர்வம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு பகல் நேரம் தோட்டக்கார அக்கா வீட்டுக்கு வந்தார். பூ மார்க்கெட்டுக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டிலும் எட்டிப்பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பையிலிருந்து ஒரு கட்டு வேரை எடுத்து நீட்டினார்.

"டீச்சரு, முன்னால குடுத்தது மணம் போயிருக்கும்ல, அதான் புதுசு கொண்டாந்தேன். வீட்ல புள்ளத்தாச்சி இருக்குன்னு ஒங்கம்மா சொன்னாக. வயித்துப் புள்ளைக்குச் சூடு ஆகாதுல்ல."

"முன்னால எப்பக்கா குடுத்தீங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும். அந்த மோட்டார் ரூமு சாக்குல எடுத்தேன். அம்புட்டு வேரும் சும்மாதான கெடக்கு? தண்ணியச் சுத்தம் பண்ற வேருன்னு நீங்கதான சொன்னீக?"

மதினி பின்னால் வந்து நின்றிருந்தாள். "ஆமாம்மா, எங்கிட்டயும் அப்புடித்தான சொன்னே. அதுக்குத்தான் நான் கேட்டு வாங்கினேன்" என்றாள். "கடை வேரு வேண்டாம், டீச்சரம்மா வளர்த்த வேரே குடுங்கன்னு."

நான் போய்ப் பானைக்குள் கையை விட்டு அந்தத் துணி மூட்டையை வெளியே எடுத்தேன். இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் ஐந்து பேர் குடித்தோம். கருவோடு சேர்த்து ஆறு பேர். உங்கள் வீட்டுப் பானையிலும் போட்டீர்களா என்று அக்காவைக் கேட்டேன். போட்டிருந்தார். எடுத்துவிடுங்கள், இந்த வேரில் உங்கள் நிலத்து நஞ்செல்லாம் ஏறியிருக்கிறது என்று சொன்னேன்.

"அந்தக் கெணத்துத் தண்ணியவே எத்தினியோ வருசம் குடிச்சோம். அப்பல்லாம் ஒருத்தரும் வந்து சொல்லலையே டீச்சரு" என்றார்.

மீதிச் சாக்குகள் எங்கே என்று கேட்டதற்கு, மற்றவை மோட்டார் ரூமிலேயே கிடப்பதாகவும், இரண்டை மட்டும் பழனி வியாபாரி ஒருவர் நல்ல வேர் என்று எடுத்துப் போனதாகவும் சொன்னார். மறுநாள் பஸ் ஏறிப் பழனிக்குப் போனேன். அடிவாரத்தில் கடைக்குக் கடை வெட்டிவேர் தொங்கியது. மாலை, விசிறி, சின்னச் சின்னக் கட்டு. எங்கெங்கிருந்தோ வந்த பக்தர்கள் பஞ்சாமிர்தத்தோடு அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள். எது எங்கள் வேர் என்று எனக்குத் தெரியவில்லை. கையில் எடுத்து மோந்து பார்த்தேன். எல்லாம் ஒரே மணம். ஒரு கடைக்காரர், "ஏனுங்க, வாங்கறதுன்னா வாங்குங்க, மோந்து மோந்து வைக்காதீங்க" என்றார். ஆராய்ச்சி மாணவி அன்றைக்குச் செய்த களப்பணி அவ்வளவுதான். திரும்பி வந்துவிட்டேன்.

சாருக்குப் போன் செய்தேன். அவர் புதுப் பதவியில் இருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, "அது சாதுவான வகைதானேம்மா, ஒண்ணும் ஆகாது. அறிக்கை போயிடுச்சு. இப்பப் போயி இதைக் கிளறாத, உன் டிகிரிக்கும் நல்லதில்ல" என்றார். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிதான் எப்போதும் பேசுவார். அன்று ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

பானைத் தண்ணீரையும் ஊறிய வேரையும் நானே மதுரைக்குக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. தண்ணீரில் குரோமியம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லைக்குக் கீழேதான், ஆனால் எல்லையை ஒட்டிக்கொண்டு. அந்த எல்லையை வகுத்தவர்கள் வயிற்றுப் பிள்ளையை மனதில் வைத்து வகுத்தார்களா என்பது எனக்குத் தெரியாது. அந்த வாய்க்காலில் குரோமியம் மட்டுமா வந்தது? நாங்கள் தேடியது அதை ஒன்றை மட்டும். தேடாததைப் பற்றி எங்கள் அறிக்கையில் ஒரு வரி இல்லை. மூன்று வருடம் உழைத்து, பட்டத்துக்குத் தேவையான எல்லாம் தெரிந்துவைத்திருந்தேன். மதினி வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது மட்டும் தெரியவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். முதன்முறையாகச் செல்போனைக் கீழே வைத்தான். "அவகிட்ட சொல்லித் தொலைச்சிராத. பயத்துலயே கலைஞ்சிரும்" என்றான். அம்மாவும் அதையே சொன்னாள். அத்தா மட்டும் தழும்புக் கையை நீட்டி, "ஏம்மா, முப்பது வருசம் இந்தத் தண்ணியிலதான் நின்னேன். எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?" என்றார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே அவர் அதைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாசனை பழகின மாதிரி இதுவும் இவர்களுக்குப் பழகிவிட்டது. பழகாத ஒருத்தி அந்த வீட்டில் மதினிதான்.

மூன்று பேர் சொன்னதையும் கேட்காமல் மதினியிடம் போனேன். அன்று ஏன் போனேன் என்றால், நல்ல மனசு ஒன்றும் காரணமில்லை. தனியாகச் சுமக்க முடியவில்லை. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வேர் எப்படி எடுக்கிறது, எங்கே கட்டிவைக்கிறது, ஏன் இலைக்கு விடுவதில்லை, தண்ணீரில் எவ்வளவு வந்தது. அழுவாள், மயங்கி விழுவாள் என்று பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டிருந்தேன். அவள் உட்காரவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இலைக்கு விடாம வேரே தாங்கிக்குதுங்கற. அப்ப எனக்குள்ள போனதை நான் தாங்கிக்கிட்டனா, புள்ளைக்கு விட்டுட்டனா?"

சார் மூன்று வருடத்தில் ஒருமுறைகூட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. மாலை போட்டுக்கொண்ட பெரிய மனிதர்களும் கேட்கவில்லை.

"தெரியலை மதினி. ஈரல்ல கொஞ்சம் நிக்கும். தொப்புள்கொடி வழியாக் கொஞ்சம் போகலாம். எம்புட்டுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"அன்னைக்கு நான் எப்புடின்னு கேட்டனே. ஏன் சொல்லல?"

நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். "ஒங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு உலையில் அரிசியைப் போட்டாள். அதற்கடுத்த மாதங்களில் என்னோடு சாதாரணமாகத்தான் பேசினாள். சாப்பிட்டாயா என்று கேட்பாள், துணியை மடித்து வைப்பாள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அண்ணனை விட்டுவிட்டு என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் சொல்வது ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். நான் தலையாட்டினால் அவளுக்குப் போதவில்லை. வீட்டுக்கு வந்து முழுவதையும் சொல்லச் சொல்வாள். இரண்டாவது தடவை சொல்லும்போது முதல் தடவை விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டுவாள்.

ஆகஸ்டில் பெண் பிள்ளை பிறந்தது. எடை சரி, நிறம் சரி, கை கால் எல்லாம் சரி. டாக்டர் சிரித்துக்கொண்டே, "நல்லா இருக்கா, மிட்டாய் எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா துஆ ஓதிப் பிள்ளையின் நெற்றியில் ஊதினாள். அண்ணன் வராந்தாவில் போவோர் வருவோருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். மதினி பிள்ளையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கா மதினி" என்றேன்.

"முழுசாச் சொல்லு."

இப்போதைக்கு நன்றாக இருக்கிறாள், உள்ளே ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, வளர வளரத்தான் தெரியும், தெரியாமலே போகவும் கூடும் என்று முழுவதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே பிள்ளையை மடியில் எடுத்து வைத்தாள். அது வாயைத் திறந்து திறந்து தேடியது.

"பாலுல வருமா?" என்றாள்.

"வந்தாலும் ரொம்பக் கொஞ்சம். தாய்ப்பாலால வர்ற நல்லதுதான் பெருசு. குடுங்க மதினி. இது எனக்கு நல்லாத் தெரியும்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான். படித்ததில் பொய் கலக்காமல், எதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அழத் தொடங்கியது. அவள் உடனே கொடுக்கவில்லை.